நின்ற நேரம்

ஒரு மணி நேரம் நாற்பத்தொரு நிமிடம்.
போன தடவை ஏசி ஹாலில் அதுதான் என் கணக்கு.
ஓடு, தள்ளு, ஓடு, இழு, ஓடு,
கடைசியில் சுவரில் நூறு பந்து.

காலில் பலம் போதவில்லை என்று நினைத்தேன்.
தண்டையார்பேட்டையில், பருப்புக் குடோனுக்கு மேல்,
தகரக் கூரை ஜிம்மில்
ஸ்லெட்டில் இன்னும் இருபது கிலோ ஏற்றினேன்.
முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

ஜெனோவாதான் வீடியோவை ஓட்டிப் பார்த்தாள்.
துறைமுகத்தில் கண்டெய்னர் லாரிக்குச் சீட்டுப் போடுகிறவள்,
எது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று
அவளுக்குத் தெரியாதா?
குறித்தாள்:
தண்ணீர் குடிக்க ஐம்பது நொடி.
முடி கட்ட இருபது.
பந்தைக் கையில் வைத்துக்கொண்டு
பந்தையே பார்த்தது ஒரு நிமிடம் பத்து.
இப்படியே தாள் முழுக்க.
"நீ ஓடுனது லேட் இல்லடி.
நின்னது மட்டும் பதினோரு நிமிஷம்."

கோபம். பேசாமல் ஸ்கூட்டியை எடுத்தேன்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது
அவசரமும் இல்லாமல், நிற்கவும் நிற்காமல்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி எண்ணினேன்.

இப்போது முதல் கிலோமீட்டரில்
எல்லாரையும் முன்னே விட்டுவிடுகிறேன்.
பந்து பத்துப் பத்தாக.
நடுவே மூன்று மூச்சு.
நாலாவதில் தூக்கியாக வேண்டும்,
தூக்க முடியாவிட்டாலும்.

நேற்று, ஒன்று முப்பத்திரண்டு.
ஜெனோவா சிரிக்கவில்லை.
இன்னும் ரெண்டு நிமிஷம்
எங்கேயோ நிற்கிறேனாம்.
எங்கே என்று சொல்ல மாட்டாளாம்.

எனக்குத் தெரியும்.
ஒவ்வொரு சுற்றிலும்
கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கிறேனே,
அங்கே.