பத்துக்குக் கீழே

கோபாலபுரம் எடைமேடை, ராத்திரி ஷிப்ட்.
பாலத்துப் பலகையில்:
பத்து டன்னுக்குக் கீழே மட்டும்.

அதிகபட்சம் எவ்வளவு, சொல்லு அம்மணி, என்கிறார்
தேங்காய் லாரி ராக்கியப்பன்.
ஒன்பதே முக்கால்? போகலாம்.
ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்பது? அதுவும்.
அதற்கு மேல் ஒரு காய்?
ஒரு கீற்று வைக்கலாம். பிறகு அதில் பாதி.
எதைச் சொன்னாலும் மேலே இன்னும் இடம் இருக்கிறது,
பத்துக்குத்தான் இல்லை.

அப்போ ஒன்பது ஒன்பதாப் போட்டுக்கிட்டே போ,
நிறுத்தாதே.

நிறுத்தாவிட்டால் அது பத்தேதான் அண்ணா.
மயிரிழைகூடக் குறையாது.

முணுமுணுத்தபடி இரண்டு மூட்டை இறக்கினார்.

கோடு கேரளாவுடையது. இந்தப் பக்கம் நமது.
தமிழ்நாட்டின் கடைசி டீக்கடை என்று
போர்டு வைத்த காஜாவுக்கு முன்னால்
நேற்று ஒருவன் அடுப்பு மூட்டினான்.
இன்றைக்கு அவனுக்கும் முன்னால்
ஒரு கெட்டில் கொதிக்கிறது.