கப்சோவார் சாலை, பஞ்சர் கடை

ஜெபிவோட்டைப் பற்றிக் கேட்க வந்தவர்
ஓடிய நேரத்தைக் குறித்துக்கொண்டார், பதக்கங்களையும்.
அதெல்லாம் பேப்பரிலேயே இருக்கிறதே ஐயா.

விடியுமுன் இந்தச் செம்மண்ணில்
முப்பது பேர் ஓடுவார்கள்.
என் நாய் குரைப்பது இருபத்தொன்பது பேரைப் பார்த்து.

ஜெயித்து வந்த வாரம்
காருக்குக் காற்றடிக்க நின்றாள்.
முன்னால் கிப்சோய் கழுதை வண்டி.
பதறிப்போய் ஒதுங்கினான்.
அவள் இறங்கி வந்து
அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்,
நான் டியூப் மாட்டும்வரை.
கையெல்லாம் கிரீஸ்.

அடுத்த வருடம்
பதினோராவதாக வந்தாள்.
டீக்கடை டிவியில் ஊரே பார்த்தது.
மைக்கை நீட்டிக் கேட்டார்கள்:
வெயிலா? முழங்காலா? ஷூவா?
குனிந்து மூச்சு வாங்கியபடி,
"முன்னால போன பத்துப் பேரும்
நல்லா ஓடினாங்க."

யாரும் எழுந்து போகவில்லை.
செரோனோ டீக்குக் காசு வாங்க மறந்தான்,
அவன் மறக்கிற ஆளே இல்லை.

அன்று ராத்திரி
கடைக் கதவில் சாக்பீஸால் எழுதினேன்:
11.
மழை அழித்தால் மறுபடி எழுதுவேன்.

வெளியூர்க்காரர்கள்
கடை நம்பர் என்று நினைக்கிறார்கள்.
நினைக்கட்டும்.