எழுமாறாக அல்ல

செவ்வாய் எட்டரை. வந்தாறுமூலை.
முன்னால் பத்தொன்பது பேர்.
திரையில் முப்பத்தொரு பெயர்,
இரண்டு முகம், அதிலொன்று பூனை.
'கேக்குதா?' என்று திரையிடம் கேட்டேன்.
முன்வாங்கு சொன்னது: 'கேக்குது மிஸ்.'

மின்விசிறி சுற்றினால் அங்கே புயல்,
நிறுத்தினால் இங்கே வியர்வை.
பலகையில் எழுதப் போனால்
பாதி வகுப்புக்கு என் முதுகுதான் பாடம்.
திரையைப் பார்த்துப் பேசினால்
வாங்கில் இருப்பவர்கள்
அறியாதவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தது மாதிரி
தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்றைக்கு, விடுபட்ட தரவு.
ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடந்தால்
உடனே நிரப்பாதீர்கள்,
ஏன் என்று முதலில் விசாரியுங்கள்.
எழுமாறாக விடுபட்டதென்றால் பயமில்லை,
இடையைப் போட்டு மூடிவிட்டுப் போகலாம்.

பாடநூலில் இருந்தது
ஏதோ குளிர்தேசத்துக் கோதுமை.
எனக்கே அலுத்தது.
பெயர்களை அழித்துவிட்டு
எங்கள் வரவுப் பதிவையே திரையில் போட்டேன்:
பன்னிரண்டு கிழமை, அறுபத்துநாலு நிரை,
நுளம்பு கடித்த மாதிரி
அங்கொன்று இங்கொன்றாக வெற்றுக் கட்டம்.
'எழுமாறுதான் மிஸ்' என்றது வகுப்பு.

ஏறாவூரிலிருந்து,
பின்னால் யாரோ மீனுக்கு விலை பேசப் பேச,
முஃப்லிஹா சொன்னாள்:
'ஊர்ப் பேர்ப்படி அடுக்கிப் பாருங்களன்.'

அடுக்கினேன்.
ஏறாவூரில் இரண்டு ஓட்டை.
கல்லடி நிறைவு. களுவாஞ்சிக்குடி நிறைவு.
வெறுமை முழுக்க வழுக்கிப்போய்
அடியில் சேர்ந்து கிடந்தது:
தும்பங்கேணி. பாலையடிவட்டை.
மண்டூர். வெல்லாவெளி.

ஒரு வாவியை நான்
பன்னிரண்டு கிழமையாக
கவனக்குறைவு என்று குறித்திருக்கிறேன்.

யாரும் பேசவில்லை. பூனையும்.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.
எண்பது வீதத்துக்குக் கீழே என்றால்
பரீட்சை இல்லை, பட்டியல் வெள்ளிக்குள்.
முதற்பெயர் லோகிதராசன்,
பன்னிரண்டுக்கு ஐந்து.

ஒளிப்பதிவுகளைத் திறந்தவர் விபரம்
வேறொரு பக்கத்தில் இருக்கிறது.
நான் ஒருநாளும் போகாத பக்கம்.
போனேன்.
லோகிதராசன்: அதிகாலை 2.17. 2.05. 3.40.
ஒரே இடத்தைப் பதினொரு தரம்.

காரணம் கேட்டு எழுதியதற்கு அவன் பதில்:
'வேளாண்மை குடலை விட்ட நாள்ல இருந்து
யானைக் காவல் மிஸ்.
பகல்ல நித்திரை. சிக்னலும் பரண்லதான்.
உங்கட குரலைப் பெருசா விட்டா
வரம்புக்கு அங்கால நிண்டு யோசிக்குது.'

பதினாறு வருசமாகப் படிப்பிக்கிறேன்.
நின்று யோசித்தது
அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளி போய்விட்டது.
பட்டியலை நான் அனுப்பவுமில்லை,
கிழிக்கவுமில்லை.
தேநீர்க் கோப்பைக்குக் கீழே
அதில் ஒரு வட்டம் விழுந்திருக்கிறது.

இரவு ஒன்று ஐம்பதுக்குப் போன் அதிர்ந்தது.
'மிஸ், நியம விலகல்ல ஒரு சந்தேகம்.
பதினெட்டுப் பேரெண்டா
பதினேழால பிரிக்கச் சொன்னீங்க.
அந்த ஒராள் எங்க போனது?'

எழுந்து உட்கார்ந்து, கண்ணாடி தேடி, தட்டினேன்:
இடை எவ்வளவு என்று
முன்னமே முடிவாகிவிட்டால்
பதினேழு பேர் தங்கள் எண்ணைச் சொன்ன பிறகு
பதினெட்டாவது ஆளுக்குத்
தன் விருப்பம் என்று ஒன்று இல்லை.
மிச்சம் என்னவோ அதுதான் அவருடைய எண்.
அதனால் அவரை எண்ணுவதில்லை.

அனுப்பிய பிறகு
கடைசி வரியை அழிக்கலாமா என்று பார்த்தேன்.
அதற்குள் வாசித்துவிட்டான்.

எழுதிக்கொண்டிருக்கிறார், என்று காட்டியது.
நின்றது.
எழுதிக்கொண்டிருக்கிறார்.
நின்றது.

பிறகு:
'பொறுங்க மிஸ்,
வெடி போட்டிட்டு வாறன்.'