ராகுகாலம் நீங்கலாக

பொபினி, தொழில் நீதிமன்றம், இரண்டாம் மாடி.
ஒன்றரைக்கு வரச்சொல்லி
மூன்றேமுக்காலுக்குத்தான் உள்ளே விட்டார்கள்.
நான் மொழிபெயர்ப்பாளர்.
காத்திருந்த நேரத்துக்கு எனக்கும் காசில்லை,
அது வேறு கதை.

இராசமலர் பிஸ்கட் தகரத்தைத் திறந்தாள்.
நாட்காட்டித் தாள்கள்.
நாளுக்கொன்றாய்க் கிழித்து
மாதத்துக்கொரு ரப்பர் வளையம்.
முன்புறம் திதி, நட்சத்திரம், ராகுகாலம்,
அடியில் சிவப்பு எழுத்தில்
பரஞ்சோதி அன் சன்ஸ், லா கூர்னேவ்.
தைப்பொங்கலுக்கு முதலாளி தன் கையால் கொடுத்தது.
பின்புறம் பென்சிலில் அவள்:
விடிய 5.40. இரவு 9.15.
ரோல்ஸ் நானூறு. பற்றீஸ் இருநூற்றைம்பது.
கலியாண ஓடர். கை சுட்டது. லீவு இல்லை.

சம்பளத் துண்டிலோ
மாதத்துக்கு எழுபது மணித்தியாலம்,
தை முதல் மார்கழி வரை அதே எழுபது.

முதலாளியின் வக்கீல் ஒரு தாளைத் தூக்கினார்.
வெள்ளி. ராகுகாலம் 10.30 – 12.00.
"அச்சிலேயே இருக்கிறதே,
இது இவர் ஓய்வெடுத்த நேரம்தானே?"
பாம்பையும் கிரகத்தையும்
பிரெஞ்சில் நான் தேடிக்கொண்டிருக்க
அவள் சொன்னாள்:
"அந்த நேரத்தில ஒண்டும் தொடங்கக் கூடாது.
நான் தொடங்கேல்லை ஐயா.
விடியத் தொடங்கினது முடியேல்லை."

நால்வரில் ஒருவர் சிரித்தார்.
இருவர் முதலாளிமார் பக்கத்து ஆட்கள்,
இருவர் தொழிலாளர் பக்கம்.
சிரித்தவர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

முதல் எட்டு மேலதிக மணிக்குக் கால் பங்கு கூட,
அதற்கும் மேலே போனால் அரைப் பங்கு.
மூன்று வருடத்துக்கு முந்தியவை சட்டத்தில் செல்லாது.
செல்லாத கட்டுகளை அவள் எண்ணினாள்,
பத்தொன்பது.
திரும்பத் தகரத்துக்குள் அடுக்கினாள்.

பரஞ்சோதி அதுவரை பிரெஞ்சில்தான் பேசினார்:
குடும்பம் மாதிரி, இடைக்கிடை ஒரு கை கொடுத்தவர்.
தகரம் மூடிய சத்தத்தில்
அவள் பக்கம் திரும்பித் தமிழில் வெடித்தார்:
"விசா இல்லாத காலத்தில
ஏழு வருசம் சோறு போட்டு வேலை தந்தது ஆர்?"

பிறகு என்னைப் பார்த்தார்.
இதை விடு தம்பி என்றது அந்தப் பார்வை.
ஊரில் அவரும் எங்கள் பக்கம்தான்.
உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று
கை உயர்த்தியவன் நான்.
சொன்னேன்.
ஏழு வருசம் என்பதை இலக்கத்தில்,
தந்தது ஆர் என்பதைக் கேள்விக்குறியோடு.
ஒப்பந்தத்தில் இருந்தது நாலு வருடம்.
வக்கீல் பேனையை மூடினார்.

ஆனாலும் கடிதம் இப்படித்தான் வந்தது:
இரண்டுக்கு இரண்டு. சமன்.
ஐந்தாவதாக ஒரு நீதிபதி வருவார்,
பதினான்கு மாதம் கழித்து.

இரவு எட்டு மணிக்கு எடுத்தாள்.
வேறு கடை, பின்னால் ஏதோ பொரிகிறது.
"நாள் எப்படி எண்டு பாருங்கோ தம்பி."
பார்த்தேன்.
வெள்ளிக்கிழமை, பத்தரை மணி.

சற்று நேரம் எண்ணெய்ச் சத்தம் மட்டும்.
"பறவாயில்லை.
அது தொடங்குறதுக்குத்தானே கூடாது" என்றவள்
பொறுங்கோ, கருகுது என்று
போனை வைத்தாள்.