கறுப்புக் கோட்டுக்கு மேலே

தண்ணீர் தங்காத தொட்டி அது.
வலது மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.
காயலான் கடைக்குப் போட
மூன்று முறை கீழே இறக்கி
மூன்று முறையும் மேலே ஏற்றியிருக்கிறேன்.
"மண்ணு நிக்கும்ல?" என்றாள் பெனினா.

நிற்கும்.

கொளத்தூர்க் கடைக்காரர்
அட்டைப்பெட்டியில் ஆறு ஓட்டை குத்தி
இரண்டையும் உள்ளே விட்டார்.
"ஒத்தையா வளத்தா ஏங்கிப் போயிடும்.
வாலைப் புடிச்சுத் தூக்காதீங்க,
தோலு கையோட வந்துரும்.
பாலைவனத்து ஜீவன் சார்,
ஈரம் மட்டும் ஆகாது."
வீடு எர்ணாவூரில் என்று
நான் சொல்லவில்லை.
மூலக்கடையில் பஸ் மாறும்போது
மடியில் பெட்டி சுரண்டிக்கொண்டே இருந்தது.

வாசலில் ஹபீபா மறித்தாள்:
"ஊட்டுல சுத்துற எலிக்கு மருந்து வெக்கிற.
இதுக்கு எண்ணூறு ரூபாயா?"
"இது ஜெர்பில், ஆன்ட்டி."
"அப்டின்னா?"
"வாலுல முடி இருக்கும்."
"அந்த முடிக்கா எண்ணூறு?"
எங்களிடம் பதில் இல்லை.

மரத்தூள் கூடாதாம், மூக்கில் ஏறுமாம்.
சீவல்தான் வேண்டும், ஒரு சாண் ஆழத்துக்கு.
திருவொற்றியூர் பட்டறையில்
இழைப்புளி தள்ளுகிறவர்
அரிசிச் சாக்கில் அடைத்துக் கொடுத்தார்.
கோதுமை மாவுச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தபோது
கிளாடிஸ் வந்தாள்.
சல்லடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
அன்று இரவு சப்பாத்தி இல்லை.

குளிக்க மணல்.
தண்ணீர் தொடாத குளியல் அதுகளுக்கு.
நாலு தெரு தள்ளிக் கடல் இருக்கிறது,
ஆனால் அந்த மணலில் உப்பு,
உப்போடு இன்னும் என்னென்னவோ.
ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை வறுக்கும் வேதாசலம்
இரும்புச் சட்டியிலிருந்து
ஒரு படி ஆறவைத்து அளந்தார்.
"எதுக்குப்பா?"
"எலி குளிக்க."
துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.
காசு வாங்கவில்லை.

கொட்டாங்கச்சியில் வாசல் வெட்டி ஓர் அறை.
முட்டை அட்டை, முருங்கைக் குச்சி.
மூடி, ஜன்னலுக்கு அடித்த கம்பி வலையில் மிச்சம்.
எல்லாம் ஆயிற்று,
எங்கே வைப்பது என்பதில்தான் நின்றோம்.

பீரோ பக்கம் வெயில் விழும்.
ஜன்னல் பக்கம் புகை.
கிளாடிஸ் ஒன்றும் பேசாமல்
சுவரில் கையை வைத்தாள்.

இரண்டு முறை வெள்ளையடித்தும்
உள்ளிருந்து கசிந்து வருகிற கோடு.
அந்த டிசம்பரில் வெள்ளம்
எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வந்து
நின்றுவிட்டுப் போன உயரம்.
தொட்டி அப்போது தரையில் இருந்தது.
ஏழு மோலிகள்.
கண்ணாடிக்கு வெளியே துடைத்தேன், கறுப்பு.
உள்ளேயும் கறுப்பு.
மீன்கள் கடலுக்குப் போய்விட்டதாகச் சொன்னோம்,
பெனினாவும் நம்புகிற மாதிரி இருந்தாள்.

கோட்டுக்கு ஒரு முழம் மேலே
இரண்டு ஆங்கிள் அடித்தேன்.

முதல் ராத்திரி ஒன்றும் முகம் காட்டவில்லை.
சீவலுக்கு அடியில் எங்கோ
தோண்டுகிற சத்தம் மட்டும்.
பன்னிரண்டரைக்கு கண்டெய்னர் லாரி ஒன்று திரும்ப
வீடு அதிர்ந்தது.
தொட்டிக்குள் பின்னங்காலால்
டப் டப் டப்.
"ஆபத்துன்னு சொல்லுதுப்பா,
இன்னொண்ணை ஒளிஞ்சுக்கச் சொல்லுது,"
இருட்டில் பெனினா.
தூங்கியிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் எனக்கு டூட்டி.
நாற்பதடிப் பெட்டி, துறைமுகத்துக்கு.
எங்கள் தெருமுனை வந்ததும்
கியரைக் குறைத்து
ஊர்ந்து போனேன்.
பின்னால் வந்தவன் ஹாரனிலிருந்து
கையையே எடுக்கவில்லை.

விடிந்து வீடு வந்தால்
இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கின,
கடலை வாசனையோடு.
தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில்
பென்சிலால் ஒன்பது கோடு கிழித்திருந்தாள்,
ஒரு லாரிக்கு ஒன்று.
அதில் என்னுடையது எது என்று
எழுதவில்லை.