ஐயவினா இலக்கம் பதினொன்று

மாநகர சபைக் கணக்குக் கிளையில்
யன்னலுக்குத் தூரமான மேசை என்னுடையது.
மார்கழி மழையோடு வந்தது கடிதம்:

"விலங்குச் சோலையிலும் கண்ணாடிச் செடிவீட்டிலும்
சனிக்கிழமை தோறும் நடக்கும் ஓவிய வகுப்புக்குப்
பொது நிதியிலிருந்து சென்றது
எண்பத்தாறாயிரத்து நானூறு.
பிள்ளைகள் பத்தொன்பது. தாள்கள் இருபது.
ஒரு தாள் எங்கே?
மேலும், இதனால் பொதுமக்கள் அடைந்த பயன் யாது?"

பயனுக்குப் படிவம் இல்லை.
தாளைத் தேடலாம்.

கல்லடிப் பாலம் தாண்டி இறங்கினேன்,
கம்பி விலகிய குடையும் கோவையுமாக.
சோலை என்று பெயர்தான் பெரிசு.
மாமாங்கத்து வடிகானில் பிடிபட்ட முதலை ஒன்று,
மயில் மூன்று,
முள்ளம்பன்றி ஒன்று,
வெள்ளத்தோடு வந்து திரும்பிப் போகாத நாரை ஒன்று.
நாரைக்குக் கூண்டில்லை,
இருப்புப் பதிவேட்டிலும் இல்லை.
தானாக நிற்கிறது.

செடிவீட்டில் ஆறு கண்ணாடிக்குப் பதில் ஆறு தகரம்.
உள்ளே நனைந்த மண்ணின் மூச்சு.
வாய்க்குள் விழுந்த எறும்பை
அவசரமில்லாமல்
வரவு வைத்துக்கொண்டிருந்தது குடுவைச் செடி.

காத்தான்குடி ஹிப்னா
மயிலுக்கு இந்தப் பச்சை போதாது என்று
ஆசிரியையோடு சண்டை.
இன்னொரு பச்சை வாங்க
மூன்று விலைமனு வேண்டும் என்பது
அவளுக்கு யார் சொல்வது?

திராய்மடுக் கிருஷாந்
கம்பிகளை மட்டும் வரைந்திருந்தான்,
நேர் நேராக, முப்பத்திரண்டு.
எங்க தம்பி முள்ளம்பன்றி?
"அது படுத்திட்டு மிஸ்.
எழுப்பப்படாதெண்டு பலகையில போட்டிருக்கு."

விரலை ஈரப் பஞ்சில் தொட்டு எண்ணினேன்.
பத்தொன்பது.
மறுபடியும் பத்தொன்பது.
ஒரு மயிலில் என் விரலடையாளம் பச்சையாய்ப் பதிந்தது.

இருபதாவது,
தள்ளுவண்டி நிறுத்தும் கொட்டிலில்,
உடுப்புக் கவ்வியில் தொங்கியது.

சாமித்தம்பி, கூண்டு கழுவுகிறவர்.
பதினொரு வருசமாய்த் தற்காலிகம்.
"மிஞ்சினதெண்டு ரீச்சர் தந்தவ.
களவில்ல மிஸ்."
நான் கேட்கவேயில்லை.

தாளின் கீழோரத்தில்
முதலையின் முதுகு மட்டும்,
உழுது காய்ந்த வயலைப் போல.
அதற்கப்பால் கம்பி.
கம்பிக்கப்பால் சின்னச் சின்னதாய்ப்
பத்தொன்பது முகங்கள்,
பென்சில் கடித்தபடி, வாய் பிளந்தபடி.
ஒன்று மட்டும் திரும்பி நின்று
வாவியைப் பார்க்கிறது.

மற்றவர்கள் வெளியே நின்று வரைந்தார்கள்.
இவர் தினமும்
உள்ளே போகிறவர்.

மழை ஓட்டில் அடித்தது.
கோவையை மூடிவிட்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
அந்த நேரத்துக்கும் எனக்குச் சம்பளம் உண்டு,
அதையும் எழுதத்தான் வேண்டும்.

திங்கள் காலை பதில் அனுப்பினேன்:
"இருபதாம் தாள் பாவிக்கப்பட்டுள்ளது.
பாவித்தவர் தற்காலிகத் தொழிலாளி.
பயன்:"
முக்காற்புள்ளிக்குப் பிறகு
மூன்று முறை எழுதி மூன்று முறை வெட்டினேன்.
கடைசியில் எழுதியது:
"நேரில் வந்து பார்க்கவும்.
வாயில் எட்டு மணிக்குத் திறக்கும்."

வரவில்லை.
குறிப்புத்தான் வந்தது, சிவப்பு மையில்:
"தாளின் பெறுமதி ரூபா நாற்பது.
பொறுப்பான அலுவலரிடம் அறவிடுக."
கட்டினேன்.
பெற்றுச்சீட்டைக் கோவையில் குத்தினேன்.

பங்குனியில் இன்னொரு ஐயவினா:
பிள்ளைகள் பத்தொன்பது,
தாள்கள் இருபத்தொன்று.

நாரைக்குக்
கால் இன்னும் சரிவரவில்லை.