டிரிப்பர்

பர்கூர் மலைப்பக்கம் இடி உருண்டால் போதும்,
எங்கள் வீட்டு டிரிப்பர் விழுந்துவிடும்.
மின்னலுக்கு முன்னாலேயே விழுகிறது என்று
எதிர்வீட்டு ஜெயசீலி சத்தியம் செய்வாள்.

ஃப்ரிட்ஜில் நாளைக்குக் கொடுக்க வேண்டிய
நாற்பது பாக்கெட் இட்லி மாவு.
செல்போனைப் பல்லில் கடித்து, நாற்காலி ஏறி
தூக்கிவிடுவேன். விழும்.
தூக்குவேன்.
விடியும்போது பாக்கெட்டுகள்
பிள்ளைத்தாச்சி மாதிரி உப்பி நிற்கும்.

"குறுக்கே ஒரு ஒயர் போட்டா தொல்லை விட்டது அண்ணி"
என்றான் கொழுந்தன். ஒயரையும் சீவிவிட்டான்.

ஒயர்மேன் முனிராஜு அதை வாங்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி வந்தவர்
கேட் விளக்கைத் திறந்தார்:
அரை டம்ளர் மழைத்தண்ணீர், மிதக்கும் ஈசல்.
கரும்பாறையில் தோண்டிய எர்த் குழி
பங்குனியிலிருந்தே காய்ந்து கிடந்தது.

"எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கசியுதும்மா.
அது தாங்குறது முப்பது மில்லி ஆம்பியர்கூட இல்ல.
பாதியை நீங்களே ஏத்தி வச்சிருக்கீங்க.
இடி வந்து மீதியைத் தள்ளுது."

ஃப்ரிட்ஜுக்குத் தனி டிரிப்பர்.
மீட்டர் பக்கம் சர்ஜ் பெட்டி.
விளக்குக்கு ரப்பர் வளையம்,
குழிக்கு உப்பு, கரி, இரண்டு குடம் தண்ணீர்.
செலவு மாவு நோட்டின் கடைசிப் பக்கத்தில்;
அவருக்கு இன்னும் காட்டவில்லை.

நேற்று ராத்திரி வானமே பிளந்தது.
விழவில்லை.
மறுபடி இடித்தது. விழவில்லை.
ஃப்ரிட்ஜ் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை:
செத்துக்கித்துப் போச்சோ?

மழை விட்டதும் நாற்காலி ஏறி
டெஸ்ட் பட்டனை அழுத்தினேன்.

டக்.

இருட்டு.

அப்பாடா.